துரு துடைக்கும் முன் முத்திரையைப் படியுங்கள்

2014 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஆய்வுக்குப் போன தொல்லியல் பணியாளர்களின் கண்ணில் ஒரு துப்பாக்கி பட்டது. ஜூனிபர் மரம் ஒன்றின் மேல் அது சாய்ந்து நின்றது. கட்டை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகி வெடித்திருந்தது. அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. குழல் முழுக்கத் துரு. மரத்தின் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிட்டதால்தான் அத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறது.

பூங்காவினர் அதைத் தேய்க்கவில்லை; எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கவும் இல்லை. உதிரத் தொடங்கியிருந்த மரத்துக்கு மட்டும் பாதுகாப்புக் கொடுத்து, வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 'மாடல் 1873' என்ற பொறிப்பு இரும்பில் இன்னும் தெரிந்தது. விசைக்குப் பின்னால் கட்டையோடு சேரும் இரும்புப் பட்டையில் வரிசை எண்ணும் இருந்தது. அந்த எண்ணை வின்செஸ்டர் ஆலையின் பழைய பதிவேட்டில் தேடியபோது விடை கிடைத்தது: 1882இல் செய்து முடித்து, அதே ஆண்டில் கிடங்கிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட துப்பாக்கி அது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க, உள்ளூர் மருத்துவமனையில் அதற்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். குழல் காலியாக இருந்தது. ஆனால் கட்டைக்குள் துடைப்புக் கம்பி வைப்பதற்காகக் குடைந்த துளையில் ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. அந்த வகைத் தோட்டா 1887க்கும் 1911க்கும் இடையில் செய்யப்பட்டது. ஆக, ஆலையை விட்டுப் புறப்பட்டு 5 ஆண்டுகளாவது ஆன பிறகும் அந்தத் துப்பாக்கி யாரோ ஒருவரின் பயன்பாட்டில் இருந்திருக்கிறது.

அதை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனவர் யார் என்பது இன்றுவரை புதிர்தான். வின்செஸ்டர் ஆலை அந்த மாடலில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்தது. அவற்றில் எது எந்தக் கைக்குப் போனது என்று ஆலையின் பதிவேடு சொல்வதில்லை. ஆனாலும் இந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண்ணோ ஒரு பொறிப்போ ஒரு தோட்டாவோ சாட்சியாக இருக்கிறது. கண்டெடுத்தவர்கள் பொறுமையாக இருந்ததால் கிடைத்த சாட்சிகள் இவை.

நம் நாட்டுக்கும் இந்தப் பொறுமை அவசரமாகத் தேவைப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைத் துப்பாக்கிகள் பரணுக்கும் அலமாரிக்கும் போய்விட்டன. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். கூடுதலாக இருப்பதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. மூன்றில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்றால், தோட்டா கிடைக்காத, பெயர் விளங்காத, தாத்தா காலத்துத் துப்பாக்கியைத்தான் எந்தக் குடும்பமும் முதலில் கைவிடும். எதை ஆராய வேண்டுமோ அதுதான் முதலில் கைமாறிப் போகிறது.

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று வெளியே வந்தால், முதலில் அது என்ன என்று கண்டறிய வேண்டும். சுத்தம் செய்வது, விலை பேசுவது, கதை சொல்வது, அழிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் இழப்பு நிரந்தரம்.

அடையாளம் காண்பதில் முதல் சிக்கல், குழலின் மேல் பெரிதாகப் பொறித்திருக்கும் பெயர். அதுவே செய்தவரின் பெயர் என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். சென்னையில் 1849இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைக் கடிகாரக் கடையாகத்தான் பலருக்கும் தெரியும். 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ், ரங்கூன்' என்று பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. கல்கத்தாவின் மாண்டன், ரோடா ஆகிய கடைகளின் பெயர் தாங்கிய துப்பாக்கிகளும் இந்தியா முழுக்கப் பரவின. இவை விற்றவர்களின் பெயர்கள். துப்பாக்கி உருவானது பெரும்பாலும் பர்மிங்காமின் பட்டறைகளில். அங்கே குழல் அடிப்பவர் ஒருவர், பூட்டு செய்பவர் இன்னொருவர், கட்டை செதுக்குபவர் வேறொருவர். பல கைகள் மாறி உருவான பொருளின் மேல், கடைசியில் எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் விற்றாரோ அவர் பெயர் ஏறியது.

பெயரே இல்லாத துப்பாக்கிகளும் ஏராளம். ஜெர்மனியின் சூல் நகரத்திலும் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஊரிலும் குடும்பம் குடும்பமாக இந்தத் தொழில் செய்தார்கள். ஒரு குழல் ரவைக்கும் இன்னொன்று தோட்டாவுக்குமாக இரட்டைக் குழல், ட்ரில்லிங் எனப்படும் மூன்று குழல் என்று விதவிதமாகச் செய்தார்கள். அவற்றில் பலவற்றில் செய்தவரின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்தோ, புகழ்பெற்ற ஆங்கிலேயப் பெயர்களை ஒத்த பெயர்களைத் தாங்கிய துப்பாக்கிகள் உலகச் சந்தைக்குப் போயின. பெயரை மட்டும் நம்பியவர் அங்கே ஏமாந்தார்.

பெயர் கைவிடும் இடத்தில் சோதனை முத்திரை கைகொடுக்கிறது. ஐரோப்பாவில் துப்பாக்கி விற்பனைக்கு வரும் முன் அதன் குழலில் வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்திட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கி நின்றால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. லியேஜில் 1672இல் சோதனை விதி வந்தது. பர்மிங்காமின் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்தது. ஜெர்மனி 1891இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

இந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு துப்பாக்கி தன் வயதையே சொல்லிவிடும். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது லியேஜ். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. ஜெர்மன் முத்திரையில் கிரீடத்தின் கீழே 'ஜி' இருந்தால் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு என்று பொருள். 'என்' இருந்தால் புகையற்ற மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். 1940 வாக்கில் கிரீடம் போய்க் கழுகு வந்தது. சூலில் சோதித்த பல துப்பாக்கிகளில் சோதித்த மாதமும் ஆண்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டில் செய்து பிரிட்டனில் சோதித்த துப்பாக்கிகளுக்கு, 'இங்கிலாந்தில் செய்ததன்று' என்று அறிவிக்கும் முத்திரை 1925 முதல் வந்தது.

எண்களும் அப்படியே. பிரிட்டிஷ் குழலில் '12' என்று இருந்தால், அந்தக் குழலின் விட்டத்துக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டுகள் வார்க்கலாம் என்பது கணக்கு. பழைய ஜெர்மன் துப்பாக்கிகளில் வரிசை எண் போலத் தோன்றும் தசம எண் பெரும்பாலும் குழலின் அளவுதான். ஆங்கிலேயரின் கனரகத் துப்பாக்கி ஒன்றில் கார்டைட் என்ற சொல்லோடு 70, 480 என்ற எண்கள் இருந்தால், 70 கிரெயின் மருந்தும் 480 கிரெயின் குண்டும் அதன் உச்ச வரம்பு என்று அர்த்தம். எந்தத் தோட்டாவுக்காகச் செய்தது என்பது அந்த இரண்டு எண்களிலேயே விளங்கிவிடும்.

இந்த முத்திரைகளில் பல, குழலின் அடிப்பக்கத்தில், மரத்துக்குள் மறைந்திருக்கும். மேலே தெரியும் சித்திர வேலைப்பாட்டை மட்டும் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பிவிடுபவர் பாதித் துப்பாக்கியைத்தான் பார்த்திருக்கிறார். துருவோடு சேர்த்து உப்புத்தாளும் சாணைச் சக்கரமும் முதலில் தின்பதும் இந்த மெல்லிய பொறிப்புகளைத்தான். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாத ஒரு கிரீடம் போனால், அந்தத் துப்பாக்கி பிறந்த ஊர் போயிற்று.

முத்திரைக்கு அடுத்தது தோட்டா அறை. எந்தத் தோட்டா என்று தெரியாதபோது, இந்தத் துறையினர் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கித் தோட்டா அறைக்குள் வார்க்கிறார்கள். பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் சேர்ந்த அது கொதிநீரின் வெப்பத்துக்குள்ளேயே உருகும். ஆறும்போது முதலில் சற்றுச் சுருங்கும். அதனால் அச்சு எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, சுமார் 1 மணி நேரத்தில் அறையின் அசல் அளவுக்கு வரும். அப்போது அளந்தால் துப்பாக்கியின் ஊகமற்ற அளவு கிடைக்கும்.

இந்த அளவில் உயிரும் அடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் 8 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு 1888இல் வைத்த குண்டின் விட்டம் .318 அங்குலம். 1905இல் அது .323 ஆனது. பித்தளைக் கூடு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய குழலில் புதிய குண்டைச் செலுத்தினால் அழுத்தம் அபாயகரமாக எகிறும். 'சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று யாரேனும் சொன்னால், அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுவதே நல்லது.

தோட்டாவின் அளவில் இந்திய வரலாறும் பதிந்திருக்கிறது. மார்ட்டினி-ஹென்றி என்ற ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு .450 அளவுக் குண்டு. கிளர்ச்சிக்காரர்கள் கையில் குண்டு சிக்கிவிடும் என்ற அச்சத்தில், 1900களின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு அந்த அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குக் கொண்டுவரத் தடை போட்டது. யானைக்கும் காட்டெருமைக்கும் .450 துப்பாக்கி வைத்திருந்த வேட்டைக்காரர்களுக்காக லண்டன் நிறுவனங்கள் .465, .470 என்று புதிய அளவுகளை உருவாக்கின. ராணுவத்தின் .303 தோட்டாவும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதனால்தான் ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டாவான .315 இந்திய வேட்டைத் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் அரசு ஆலை அந்த அளவில் துப்பாக்கி செய்துவந்தது. சென்னைக் கடையின் பெயர் பொறித்த ஒரு .450 துப்பாக்கி கையில் கிடைத்தால், அது பெரும்பாலும் அந்தத் தடைக்கு முந்தையது என்று கணிக்கலாம். வியாபார வரலாறும் கலகத்தைப் பற்றிய அரசின் பயமும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன.

ஏமாற்றும் வடிவங்களும் உண்டு. கர்னல் ஃபாஸ்பெரி 1885இல் காப்புரிமை பெற்று, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்த 'பாரடாக்ஸ்' துப்பாக்கியைப் பின்னாலிருந்து பார்த்தால் ரவைத் துப்பாக்கி. குழலின் வாய்ப்பக்கம் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் சுருள் வரி இருக்கும். காலையில் கௌதாரிக்கு ரவையும் மாலையில் கரடிக்குக் குண்டும் ஒரே துப்பாக்கியில் போடலாம் என்பதால் இந்தியாவில் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. இரு முனையிலும் விளக்கடித்துப் பார்க்காதவர் அதைச் சாதாரண 12 அளவு ரவைத் துப்பாக்கி என்று எழுதிவிடுவார்.

குடும்பக் கதைகளையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஜிம் கார்பெட்டின் ரிக்பி துப்பாக்கி இதற்குச் சரியான உதாரணம். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கார்பெட் 1907இல் கொன்றார். அந்தச் செயலைப் பாராட்டி, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு .275 ரிக்பி ஒன்றைப் பரிசளித்தார். கட்டையில் பதித்த வெள்ளித் தகடு அதைச் சொல்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கியாலேயே சம்பாவத் புலி வீழ்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். பாராட்டாக வந்த பரிசு பாராட்டப்பட்ட செயலுக்குப் பிறகுதான் வந்திருக்க முடியும் என்பதைத் தகட்டைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம்.

அந்த ரிக்பி எந்த நாட்டுத் துப்பாக்கி என்ற கேள்விக்கும் ஒற்றை விடை கிடையாது. அதன் இயங்குபகுதி ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் ஆலையில் செய்தது. முழுத் துப்பாக்கியாக உருவெடுத்தது லண்டனில். '.275' என்ற ஆங்கில அளவு உண்மையில் மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். பயன்பட்டது குமாவுன் மலைகளில். கார்பெட்டின் நூலை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் பின்னர் அது போய்ச் சேர்ந்தது. 2015இல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கியது. தகடு, நிறுவனப் பதிவேடு, கைமாறிய வரலாறு மூன்றும் அழியாமல் இருந்ததால் இன்று அதைப் பற்றிச் சந்தேகமில்லாமல் பேச முடிகிறது.

எதிர்ப்பக்கத்தில் போலிகளும் இருக்கின்றன. பெஷாவருக்குத் தெற்கே தாரா ஆதம் கேல் என்ற ஊரின் கைவினைஞர்கள் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்தே நகல் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத கை குத்திய பொறிப்பில் எழுத்துகள் இடம் வலம் மாறியிருக்கும். விக்டோரியா மகாராணியின் முத்திரைக்குக் கீழே 1901க்குப் பிந்தைய ஆண்டு இருக்கும். ராணி 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். பொறிப்பைத் தேதியோடு சேர்த்துப் படிப்பவருக்கு இந்த ஒரு முரண்பாடு போதும்.

கொலைக் கருவிக்கு இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. இந்தத் துப்பாக்கிகளின் முன்னால் விழுந்த புலிகளும் யானைகளும் திரும்பி வரப்போவதில்லை. நம் காடுகள் எப்படி வெறுமையாயின, எந்தக் காலத்தில் எத்தகைய துப்பாக்கி எந்த மாவட்டத்துக்கு வந்தது, யார் கையில் இருந்தது என்பதற்கு இந்த இரும்பே முதல்தரச் சான்று. வேட்டையை வெறுப்பவருக்கும் அந்தச் சான்று தேவை.

சட்டமும் அடையாளம் காண்பதைத்தான் கேட்கிறது. பழம்பாணியான, தொன்மை மதிப்புள்ள, பழுது நீக்கினாலும் சுட முடியாத ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள் தொல்பொருள் என்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. வயதும் வகையும் தெரியாமல் இவ்விரண்டையும் எப்படிப் பயன்படுத்துவது? 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று ரசீதில் எழுதினால் சட்டம் தந்த வாய்ப்பும் அந்த ரசீதோடு முடிந்துபோகும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒரு துப்பாக்கி காவல் நிலையத்துக்கோ கடைக்கோ வந்தவுடன், அது காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, அடிப்பக்க முத்திரைகளையும் எண்களையும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தோட்டா அறையை வார்த்து அளக்க வேண்டும். இந்த வேலைகளை ஆயுதத் தொழில் தெரிந்த ஒருவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் எதையும் கழற்றவோ தேய்க்கவோ கூடாது. உரிமம் இல்லாத துப்பாக்கி கண்ணில் பட்டால் முதலில் காவல்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். அழித்தே ஆக வேண்டிய துப்பாக்கியாக இருந்தாலும் அழிக்கும் முன் இந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும். செயலிழக்கச் செய்யும்போது வெட்டும் பற்றவைப்பும் முத்திரை இல்லாத இடத்தில் விழ வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் காக்கப்பட்டு வருகின்றன. தகுதியுள்ள வேட்டைத் துப்பாக்கிகளைப் பரிந்துரைத்து அனுப்பவும் அங்கே ஒரு வழி திறக்கப்பட வேண்டும்.

இதைவிட அவசரமானது கடைகளின் பழைய கணக்குப் புத்தகங்கள். ரோடா நிறுவனத்தின் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளை 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றினார்கள். அதன்பின் வெவ்வேறு வழக்குகளில் பிடிபட்ட கைத்துப்பாக்கிகள் அந்தச் சரக்கைச் சேர்ந்தவைதான் என்று பிரிட்டிஷ் அரசால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவற்றின் எண்கள் ஏட்டில் இருந்ததுதான். ஒடுக்குவதற்கு உதவிய அதே வகை ஏடு இன்று வரலாற்றுக்கு உதவும். தமிழ்நாட்டில் தலைமுறைகளாகத் துப்பாக்கி விற்ற கடைகளின் இருப்புப் பதிவேடுகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால், அவற்றைக் கேட்டு வாங்கி நகலெடுக்கத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முன்வர வேண்டும். 1909இல் பதிவு அலுவலகமாகத் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இது புதிய வேலை இல்லை. உரிமம் புதுப்பிக்க ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் கடைக்காரர்களிடம் இந்த ஆண்டே ஒரு கடிதம் கொடுத்துத் தொடங்கலாம்.